குரங்கு மெழுகாத தரை

நாங்கள் பிரேசிலுக்கு வந்து சேர்ந்துவிட்டோம், எங்கள் மெஷின் வந்து சேரவில்லை. பெட்டி துறைமுகத்தில் நிற்கிறது, ஏதோ ஒரு முத்திரை குறைகிறது, இன்று வரும், நாளை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குலசேகரத்தில் பட்டறை வைத்து அண்டி வெட்டும் மெஷின் செய்கிறவன் நான். முந்திரிக்கொட்டைக்கு எங்கள் பக்கம் அண்டி என்று பேர். காலால் மிதித்தால் கத்தி இறங்கி அதன் தோடு என்கிற மேலோட்டைப் பிளக்கும், அவ்வளவுதான் அந்த மெஷின். பிரேசிலின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்னக் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் அதை இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார்கள். மாட்டிக் கொடுக்க நானும், அங்குள்ள பெண்களுக்கு மிதிக்கப் பழக்கிக் கொடுக்க ரெஜினாக்காவும் போயிருந்தோம். மெஷின் இல்லாமல் நான் எதை மாட்ட, அவள் எதைப் பழக்க? மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ரெஜினாக்காவுக்குச் சும்மா இருக்க வராது. பதினாறு வயதில் அண்டி ஆபீசுக்குப் போனவள். முந்திரி ஆலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், உள்ளே மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைத்தவள், மெஷின் வந்தபோது முதல் ஆளாக மிதித்துப் பழகினாள். என் மெஷினை எங்கே விற்றாலும் பழக்கிக் கொடுக்க அவள்தான் வருவாள். ஆந்திரா வரை போயிருக்கிறோம். விமானத்தில் அவள் ஏறியது இதுதான் முதல் முறை. இறங்கும்வரை ஜன்னலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

வருவதற்கு அவளுக்கு மனமே இல்லை. அதற்குக் காரணம் ஊரில் கிடந்தது.

அவளுடையதையும் சேர்த்து ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. யாருக்கும் பட்டா கிடையாது. பழைய காலத்தில் ஆபீசுக்காரர்கள் அண்டியை மூட்டையாகக் கொண்டுவந்து வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். வீட்டிலேயே வறுத்து, வீட்டிலேயே உடைத்து, பருப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குடிவறுப்பு என்பார்கள். அப்படிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள்தான் இந்த ஆறு வீட்டுக்காரர்களும். இப்போது பட்டா கேட்டுப் போனால், மின்சார ரசீது தொடங்கும் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆள் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். அதற்கு முன் அது வெறும் புறம்போக்குக் காடு, ஆள் இல்லாத இடம் என்பது எதிர்ப்பக்கத்து வாதம். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு அந்த இடத்தின் மேல் கண்.

ரெஜினாக்கா என்ன செய்தாள் தெரியுமா? தன் அம்மை அண்டி உடைத்த கல்லை, நடுவில் முட்டை வைக்கலாம் போலக் குழிந்த கல்லை, அடுக்களைத் தரையை உடைத்துப் பெயர்த்து எடுத்தாள். ஓர் ஆட்டோவில் ஏற்றித் தாலுக்கா ஆபீசுக்குக் கொண்டுபோய் அதிகாரி அம்மாவின் மேசைமேல் வைத்தாள். மேசைக் கண்ணாடி கீறிவிட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. “கல்லு எங்கயும் கெடக்கும். இத எங்க இருந்து எடுத்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஒரு தடவை நேரில் வந்து இடத்தைப் பார்க்கிறேன், அதோடு முடிவு எழுதிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். நாங்கள் திரும்பிப் போனதும் அவர் வருவதாக ஏற்பாடு. இந்தக் கவலையை மடியில் கட்டிக்கொண்டுதான் அக்கா பிரேசிலில் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடு மட்டும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. காலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு மாவில் தோசை, மத்தியானம் மரச்சீனி வறுத்த பொடி, ராத்திரி மரச்சீனி வேகவைத்து மீன். எங்கள் ஊர்க் கிழங்கின் பிறந்த வீடு இதுதான் என்று நான் சொன்னதும் நம்பவில்லை. ரப்பர் மரமும் இங்கேயிருந்து போனதுதான், கொல்லாமா என்கிற முந்திரி மரமும் இங்கேயிருந்து போனதுதான், கைதச்சக்கை என்று நாம் சொல்லும் அன்னாசியும்தான் என்று அடுக்கினேன். குலசேகரத்திலிருந்து இத்தனையையும் திருப்பிக் கொடுத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கொல்லாம்பழத்தை அவர்கள் சாறு பிழிந்து குடித்தார்கள். எங்கள் ஊரில் அண்டியைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவோம், அது அழுகி ஊரே நாறும். ரெஜினாக்கா மூன்று டம்ளர் குடித்துவிட்டு, “நாம இத்தன காலமும் நல்லத தூரப் போட்டுட்டு கொட்டையத் தூக்கிட்டு வந்திருக்கோம் மக்கா,” என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

சங்கத்தின் விருந்தினர் விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தவள் லூசியா. முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் முழங்கால்வரை செம்மண்ணோடு திரும்பி வருவாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கூரைபோல் கவிந்த ஒரு பெரிய பாறை ஒதுக்கு இருக்கிறது, அதன் அடியில் குழி தோண்டி ஆதி மனிதர்களின் தடயம் தேடுகிறவள். நான் பத்து வருஷம் மஸ்கட்டில் இருந்தவன். என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும் இரண்டும் ஓட்டைதான், ஆனால் ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருந்ததால் பேச முடிந்தது.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவள் தன் வழக்கை விவரித்தாள். அமெரிக்கக் கண்டங்களில் மனிதன் பிறக்கவில்லை, எங்கிருந்தோ வந்தவன்தான். எப்போது வந்தான், எந்த வழியாக வந்தான் என்பதில்தான் சண்டை. பனியுகத்தில் ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே தரை தெரிந்தது, அதில் நடந்து வந்து, பனிப்பாறைகள் விலகி வழிவிட்டபோது தெற்கே இறங்கினான் என்பது பழைய கட்சி. அதற்கும் முன்பே, பசிபிக் கரையை ஒட்டிப் படகில் வந்துவிட்டான் என்பது புதுக் கட்சி. லூசியாவின் குழியில், பழைய கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கும் கீழே உள்ள மண்ணில், உடைந்த கற்கள் கிடைத்திருக்கின்றன. கரியும் கிடைத்திருக்கிறது.

“பிறகென்ன?” என்றேன்.

“கல்லை மனிதன்தான் உடைத்தானா? மேலே பாறையிலிருந்து விழுந்தாலும் கல் உடையும். கரி அடுப்புக் கரிதானா? காட்டுத்தீயிலும் கரி வரும்,” என்றாள். மழைக்காலம் தொடங்கும்போது குழியை மூட வேண்டும், அடுத்த வருஷம் திறக்க அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகம் என்றும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர சாப்பிடவில்லை.

நான் சும்மா இருப்பேனா? கடல்வழிக் கட்சியில் சேர்ந்துகொண்டேன். முட்டத்தில் என் மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் முன்பெல்லாம் கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டிருப்பார்கள். மரம் பழசானால் அடுப்புக்குப் போகும். எத்தனையோ தலைமுறை கடலுக்குப் போன ஊரைத் தோண்டினாலும் ஒரு கட்டுமரமும் கிடைக்காது. ஆகவே படகு கிடைக்கவில்லை என்பதால் படகு இல்லை என்று சொல்லக்கூடாது என்று வாதாடினேன். எனக்கே என் வாதம் பிடித்திருந்தது.

லூசியா தலையாட்டினாள். “நல்ல வாதம். ஆனால் கிடைக்காததை வைத்து அவர்கள் இல்லை என்று சொல்லக்கூடாது என்றால், அதே கிடைக்காததை வைத்து நீங்கள் உண்டு என்றும் சொல்லக்கூடாது,” என்றாள். நான் மீனைத் தின்றேன்.

இதையெல்லாம் ரெஜினாக்காவுக்குத் தமிழில் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில், “இவளுக்கும் பட்டா கேசுதான்னு சொல்லு,” என்றாள்.

மறுநாள் லூசியா எங்களைப் பாறைக்குக் கூட்டிப்போனாள். வண்டி பாதி வழியில் மணலில் புதைந்தது. டிரைவர் முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது. ரெஜினாக்கா இறங்கி, வழியோரத்துப் பனைபோன்ற மரத்தின் காய்ந்த ஓலைகளை இழுத்துவந்து சக்கரத்தடியில் திணித்துக்கொண்டே டிரைவரிடம் என்னவெல்லாமோ சொன்னாள். அவன் லூசியாவிடம் போர்த்துகீசில், “இந்த அம்மாள் திட்டுகிறாரா, ஜெபிக்கிறாரா?” என்று கேட்டிருக்கிறான். இரண்டும்தான் என்று நான் சொல்லச் சொன்னேன். வண்டி ஏறியது. எது பலித்தது என்று தெரியவில்லை.

பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் சில கொல்லாமரங்கள் நின்றன. அதில் ஒன்றின் அடியில் ரெஜினாக்கா நின்றுவிட்டாள். தரையோடு கிடந்த ஒரு பலகைப்பாறையில் வரிசையாகக் குழிகள். குழிகளைச் சுற்றி அண்டி எண்ணெயின் கறுத்த கறை. மேலே ஒரு கைக்கல். சுற்றிலும் உடைந்த தோடு.

அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு கல்லின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைக்கல்லை எடுத்தாள், வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள், குழியைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்தப் பயணத்தில் அதுவரை பார்க்கவில்லை.

“இது ஒரு பொம்பள இருந்து தல்லுன கல்லாக்கும். எனக்க அம்மைக்க கல்லு இதே மாதிரிதான் இருந்துது. கொறஞ்சது ஒரு ஆயுசு இஞ்ச இருந்திருக்கா. எடது கைக்காரியாக்கும், கேட்டியா. அந்தப் பிள்ளைட்ட சொல்லு, ஆதாரம் இல்ல ஆதாரம் இல்லன்னு கரையாண்டாம், இன்னா கெடக்குன்னு சொல்லு.”

அழ வேண்டாமாம், ஆதாரம் இதோ கிடக்கிறதாம் என்று நான் சொன்னேன். லூசியா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு புதர் ஓரமாக எங்களை உட்காரச் சொன்னாள். காத்திருந்தோம். கொசு கடித்தது. நான் கொண்டுபோயிருந்த ஏத்தங்காய் வற்றலைச் சத்தமில்லாமல் சப்பினேன்.

அவை மரத்திலிருந்து இறங்கி வந்தன. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்புக் குரங்குகள், தலையில் மட்டும் கறுப்புத் தொப்பி. அதில் ஒரு தடியன் அண்டி ஒன்றைக் கொண்டுவந்து சரியாக அந்தக் குழியில் வைத்தான். திருப்பி வைத்தான், மறுபடியும் திருப்பி வைத்தான். பிறகு தன் எடைக்குப் பாதி இருக்கும் கல்லை இரண்டு கையாலும் தூக்கி, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, ஓங்கி ஒரே போடு. தோடு பிளந்தது. பருப்பை எடுத்துத் தின்றுவிட்டு அடுத்த அண்டிக்குப் போனான். பக்கத்தில் ஒரு குட்டி, சின்னக் கல்லை வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தது.

“இதுதான் என் பிரச்சினை,” என்றாள் லூசியா மெதுவாக. “இவை அண்டி மட்டும் உடைப்பதில்லை. கல்லோடு கல்லையும் அடிக்கும். சில்லு சில்லாகத் தெறிக்கும். அந்தச் சில்லையும் மனிதன் செதுக்கிய சில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பல நேரம் எனக்கே தெரியாது.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அக்கா, அன்னா போறா பாரு ஒனக்க எடது கைக்காரி,” என்றேன். வழக்கமாக இதற்கு என் முதுகில் ஓர் அடி விழும். விழவில்லை. “சவம், என்ன அடி அடிக்கி,” என்று குரங்கைப் பார்த்துத் தனக்குத்தானே சொன்னாள். பிறகு பாறை வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. அவளுடைய கேசில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கல்தான். அதை ஒரு குரங்கு வந்து இல்லாமலாக்கிவிட்டுப் போய்விட்டது. சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

லூசியாவின் குழி கிணறு மாதிரி சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. ஏணி வைத்து இறங்க வேண்டும். கடைசிப் படியில் நின்று அவள் பூட்ஸைக் கழற்றி மேலே வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். “யாராவது நடந்த தரையாக இருந்துவிட்டால்?” என்றாள். நாங்களும் செருப்பைக் கழற்றினோம்.

கீழே நின்றபடி அவள் கேட்டாள், அம்மாள் ஏன் இப்படி இருக்கிறார், நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று. நான் ஆறு வீட்டுக் கதையைச் சொன்னேன். கல்லைப் பெயர்த்து ஆட்டோவில் கொண்டுபோன இடம் வந்ததும் லூசியா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுத்துவிட்டாரா? மண்ணிலிருந்து எடுத்துவிட்டாரா? எடுத்துவிட்டால் அது வெறும் கல். கல்லுக்குக் கீழே என்ன இருந்தது, மேலே என்ன இருந்தது, அதுதானே பேசும். அந்தப் பள்ளம் இப்போது எப்படி இருக்கிறது?”

“சிமெண்ட் பூசியாச்சு,” என்றாள் அக்கா, நான் தமிழில் சொன்னதைக் கேட்டு.

லூசியா எதையோ போர்த்துகீசில் சொன்னாள். நான் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை.

“மற்ற வீடுகளில்?”

“அஞ்சு வீட்லயும் கல்லு தரைக்க அடியிலதான் கெடக்கு. ஒருத்தியும் எடுக்கல்ல. எனக்கு மட்டும்தான் மூள ஜாஸ்தி.”

“தொடாதீர்கள்,” என்றாள் லூசியா. அவள் குரல் மாறியிருந்தது. “ஒன்றையும் தொடாதீர்கள்.”

பிறகு அவள் எங்களைக் குழியின் சுவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கொத்துக்கரண்டியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இது மேலே விழுந்த மணல், இது வெள்ளம் கொண்டுவந்த சேறு, இது கரி. கல் கிடந்தால் போதாது, கல்லும் கரியும் ஒரே தரையில் கிடக்க வேண்டும், அந்தத் தரையை வெள்ளமோ எலியோ கலைத்திருக்கக்கூடாது, இவ்வளவும் சொல்ல முடிந்தால்தான் எதிரி வாயை மூடுவான் என்றாள். ரெஜினாக்கா சுவரில் ஓரிடத்தில் விரலை வைக்காமல் பக்கத்தில் நீட்டினாள். மெல்லிய கறுப்பு வரி, அதன்மேல் பழுப்பு வரி, மறுபடி கறுப்பு.

“இது மெழுகுனதா?”

லூசியாவுக்கு நான் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வேன்? சுற்றி வளைத்தேன். எங்கள் பக்கம் மண் தரையைச் சாணியும் சிரட்டைக்கரியும் சேர்த்து அரைத்து மெழுகுவார்கள், கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி மின்னும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பழசின்மேல் புது மண் போட்டு, இடித்து, மறுபடியும் மெழுகுவார்கள். கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு, மற்ற வீடுகளில் ஓணத்துக்கோ பொங்கலுக்கோ.

“இது அது இல்லை, இது வெள்ள வண்டல்,” என்ற லூசியா சட்டென்று நிறுத்தினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒவ்வொரு வருஷமும்? பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயேவா? அந்தத் தரைகள் இப்போது எங்கே?”

“சிமெண்டுக்கு அடியில,” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதே அவள் கண் விரிந்தது. நான் ஒருவன்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் ரெஜினாக்கா லூசியாவோடு குழிக்குப் போனாள். மண்ணைச் சுரண்டி எடுக்காமல் வழித்து எடுப்பது எப்படி, சுவரை நேராக வெட்டுவது எப்படி என்று பழகிக்கொண்டாள். இருவருக்கும் பொதுவாக மொழி இல்லை. மேசை, அலமாரி, சாவி என்று போர்த்துகீசிலிருந்து தமிழுக்கு வந்த சில வார்த்தைகள் இரண்டு பேரிடமும் இருந்தன, அவை குழிக்குள் உதவவில்லை. ஆனாலும் மேலே நின்ற எனக்குப் பேச்சு ஓயாமல் கேட்டது. மூன்றாம் நாள் மெஷின் வந்தது. நான் மாட்டினேன், அவள் மிதித்துக் காட்டினாள், சங்கத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி மிதித்தார்கள். முழுப் பருப்பாக விழுந்த முதல் அண்டியை அவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்த அன்றே, பெட்டியைத் திறக்காமல், அக்கா அதே வரிசையில் பக்கத்து வீட்டுத் தங்கத்தின் அடுக்களையில் போய் நின்றாள். தங்கம் மகள் கல்யாணத்துக்கு டைல்ஸ் போடுவதற்காகக் கொத்தனாரை வரச்சொல்லியிருந்தாள்.

“ஏட்டி, ஒனக்கு வட்டு பிடிச்சுதா? பிளேன்ல போன எடத்துல யாரும் மருந்து வச்சுட்டாளா?” என்றாள் தங்கம். “டைல்ஸ் போடப் போற தரைய ஒடைக்கணும்னு வந்து நிக்க.”

“ஒரு முழம் போதும் தங்கம். கல்லுக்க பக்கத்துல ஒரே ஒரு முழம். கல்லத் தொட மாட்டேன்.”

“தாலுக்கா ஆபீசு அம்மை வந்து பாத்துட்டு இதுவும் வெறும் மண்ணுன்னு சொல்லிட்டுப் போனா?”

“சொன்னா நானே சிமெண்ட் போட்டுத் தாறேன். ஆனா டைல்ஸ்காரன் தோண்டிட்டான்னு வையி, பெறவு எந்த ராசா வந்தாலும் நம்ம அம்மைமாரு இஞ்ச இருந்தாவன்னு காட்ட முடியாது.”

 தங்கம் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, தானே கடப்பாரையை எடுத்துவந்தாள்.

மேலே சிவப்புச் சிமெண்ட். அதற்குக் கீழே கொஞ்சம் செங்கல் பொடி, ஒரு நசுங்கிய பால் கவர். அதற்கும் கீழேதான் அது தொடங்கியது. அக்கா கொத்துக்கரண்டியால் சுவரை நேராக வழித்து, தண்ணீர் தெளித்து, டார்ச் அடித்தாள். கறுப்பும் செம்மண்ணும், கறுப்பும் செம்மண்ணும், நகக்கனத்தில் வரி வரியாக முழங்கை ஆழத்துக்கு இறங்கிப் போயின. எண்ண முயன்றேன், முடியவில்லை. இடையிடையே கருகிய அண்டித்தோடு, உடைந்த வளையல், சிம்னி விளக்குக் கண்ணாடி. பால் கவருக்குக் கீழே பிளாஸ்டிக் என்று மருந்துக்குக்கூட ஒன்றும் இல்லை. அண்டி உடைக்கும் கல் அந்த வரிகளுக்குள் பாதி புதைந்து நின்றது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஒவ்வொரு தடவையும் மெழுகியிருந்தார்கள்.

ஆறு வீட்டுப் பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.  ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நான் படம் எடுத்து லூசியாவுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. மழை முந்திக்கொண்டது, குழியை மூடிவிட்டோம், ஆனால் அடுத்த வருஷத்துக்கான மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன், இனி கல்லைத் தேடப் போவதில்லை, தரையைத் தேடப் போகிறேன் என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். கூடவே மெஷின் மிதிக்கும் சத்தமும் கேட்டது.

அதிகாரி அம்மா சொன்னபடி வந்தார். அஞ்சுகிராமம் பக்கத்துக்காரர், சின்ன வயசு. செருப்போடு நேரே அடுக்களைக்குள் நடந்தார். தங்கம் செருப்பைப் பார்த்தாள், அதிகாரி என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, லூசியாவும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. “இந்த அண்டித்தோட்ட வெளிய இருந்து யாரும் கொண்டாந்து கொட்டியிருக்கலாம்லா?”

“கொட்டியிருக்கலாம்,” என்றாள் ரெஜினாக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கல்லு மட்டும்னா கொரங்கும் ஒடைக்கும், நான் கண்ணால பாத்தேன். கரின்னா காடு எரிஞ்சாலும் வரும். அதெல்லாம் விடுங்க. இந்த வரியப் பாருங்க. இது மெழுகுன தரை. ஆளில்லாத காட்ட யாரு மெழுகுவா?”

“வருசத்துக்கு ஒண்ணுன்னு எப்படிச் சொல்லுதிய?”

“அது நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் வந்தா ரெண்டு தடவ மெழுகுவோம். சாவு விழுந்த வருசம் மெழுகாமலும் இருந்திருப்போம். எத்தன வருசம்னு எனக்குத் தெரியாது. ஆனா கரண்டு வந்த காலத்துக்கு மேல உள்ளது இல்ல, கீழ உள்ளதாக்கும். சிம்னி வெளக்கு கீழ கெடக்கு, பால் கவரு மேல கெடக்கு. அதுக்கு மேல எனக்கு ஆதாரம் இல்ல.”

பேசி முடித்ததும் டார்ச்சை அதிகாரி அம்மாவிடம் நீட்டினாள்.  அந்த நிமிஷத்தில் அவளை நினைத்து எனக்கு வந்த பெருமை, மெஷினிலிருந்து முழுப் பருப்பு விழுந்தபோதுகூட வந்ததில்லை.

அதிகாரி அம்மா தரையில் முட்டுக்குத்தி உட்கார்ந்தார். டார்ச்சை வாங்கி மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக அடித்தார். ஒரு விரலை நீட்டினார், தொடாமல் இழுத்துக்கொண்டார். “எங்க வீட்லயும் இப்படித்தான் இருந்துச்சு,” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு எழுந்து போனில் படம் எடுத்தார், அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த இடத்தை யாரும் மூடக்கூடாது, சர்வேயரோடு மறுபடியும் வருவேன், மேலிடத்துக்கு எழுதும்போது இந்தப் படங்களைச் சேர்ப்பேன் என்றார்.

“ஏட்டி, டைல்ஸ் பெறவு பைய போடுவோம்,” என்று தங்கம் அக்காவின் காதில் சொன்னாள்.

“மத்த வீடுகளயும் ஒரு தடவ பாக்கணும்,” என்றார் அதிகாரி அம்மா. எல்லோரும் வெளியே வந்தோம். வெயில் ஏறியிருந்தது. அடுத்த வீட்டுக்காரி முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தாள். அதிகாரி அம்மா படியில் காலெடுத்து வைத்தவர் ஒரு கணம் நின்று, உள்ளே கிடந்த சாதாரண சிமெண்ட் தரையைப் பார்த்தார். பிறகு காலைப் பின்னுக்கு எடுத்து, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.